பழுதுபார்ப்பும் பதிப்பும்

பழம்பொருள் சேர்ப்போரை ஏளனம் செய்வது எளிது. அவர்தம் செயலைச் சீர்தூக்கிப் பார்ப்பதே திறனாய்வின் கடமை. ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் கொணர்ந்த 'மாடல் எம்' என்னும் கணினி விசைப்பலகையை இன்றும் பலர் தேடிச் சேர்க்கின்றனர். இதற்குக் காரணம் வெறும் பழமைப் பற்றன்று. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் உண்டு. விரல் அழுத்த, அஃது ஓரெல்லையில் சட்டென வளைந்து, அடியிலுள்ள சிறு சுத்தியலைச் சாய்க்கிறது. அதனால் மின்தொடர்பு உண்டாகிறது. ஓசையும் எழுத்தும் ஒருங்கே பிறக்கின்றன. எழுதுவோன் தன் எழுத்தைக் காதாலும் அறிகிறான்.

ஆயின், உள்ளிருக்கும் இரும்புத் தகட்டைப் பிணைக்கும் பிளாஸ்டிக் தறையாணிகள் காலப்போக்கில் முறிகின்றன. சேர்ப்போர் அவற்றை அகற்றி, துளையிட்டு, திருகாணி முடுக்குகின்றனர். பின்னர்ப் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. எனினும் கருவி பிழைக்கிறது. ஆதலின் இஃது ஏற்கத்தக்கதே. அழகுக்கென மேலோட்டிற்கு வண்ணம் பூசி, அடிப்புறத்தில் உற்பத்தி நாளைக் காட்டும் ஒட்டுச்சீட்டைக் கிழித்தெறிவதோ ஏற்கத்தக்கதன்று.

ஏடுகளைப் பதிப்பித்த நம் முன்னோரை ஈண்டு எண்ணுதல் தகும். செல்லரித்த இடத்தை நிரப்பிய நல்ல பதிப்பாசிரியர், தாம் நிரப்பியதைக் குறிப்பில் உரைத்தார், பாடவேறுபாட்டையும் மறைத்திலர். கருவியைத் திருத்துவோர்க்கும் அந்நெறியே வேண்டும். மாற்றியது யாது, மாற்றாதது யாது என ஒரு தாளில் எழுதிக் கருவியோடு வைத்தால், அடுத்துப் பெறுபவன் ஏமாறான். சேர்த்தல் விருப்பம், திருத்தல் திறமை, குறித்து வைத்தலே அறம். மாணவர்க்கு நாம் முதற்கண் கற்பிக்க வேண்டியது அதுவேயாகும்.