பாட்டும் அதன் பிறப்புக் கதையும்

பக்திப் பாடல் ஒன்று நிலைபெறும்போது அதன் பிறப்புக் கதையும் உடன் வழங்கி வருதல் பழைய வழக்கம். சூலைநோயால் வருந்திய மருணீக்கியார் அதிகை வீரட்டானத்தில் முதற் பதிகம் பாடிய வரலாற்றைச் சேக்கிழார் கூறுகின்றார். ஆனால் அவர் கூறும் கதை நோயோடும் தமக்கையாரின் கண்ணீரோடும் முடிந்துவிடுவதில்லை. பாடியவர் விட்டுவந்த சமணப் பள்ளியும், அவரைத் தண்டிக்க முற்பட்ட பல்லவ மன்னனும், நீற்றறையும், யானையும் அங்கே வருகின்றன. பாட்டின் பின்னால் ஓர் அரசியல் நின்றது என்பதைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. புராணமே இவ்வளவு சொல்லியிருக்க, இக்காலத்துப் பாட்டுக் கதைகள் எவ்வளவு சொல்கின்றன என்று கேட்பது பொருத்தமாகும்.

இன்று உலகெங்கும் ஆங்கிலத்திற் பாடப்படும் புதிய கிறிஸ்தவப் பாடல்களையே ஈண்டு கருதுகின்றோம். 1960களின் இறுதியில், கலிபோர்னியாவில், கிறிஸ்தவத்தைத் தழுவிய ஹிப்பி இளைஞரிடையே கிற்றாரோடு பரவத் தொடங்கிய இப்பாடல் வகை இன்று ஒரு பெருந்தொழில். எமது மாணவரிற் சிலரும் இவற்றை விரும்பிப் பாடுகின்றனர். பாடும்போது அவற்றின் கதைகளையும் கூறுகின்றனர். கதைகள் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வந்துள்ளன. அவற்றிற் பலவற்றை ஒருசேரப் படிப்போருக்கு அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது விரைவிற் புலனாகும். ஒருவருக்குத் துயர் நேர்கின்றது, அவர் தனித்திருக்கின்றார், சில நிமிடங்களிற் பாட்டு வந்துவிடுகின்றது, பின்னர் அது உலகை வலம் வருகின்றது. துயரின் காரணம் தனிமனித உள்ளத்துள்ளேயே தேடப்படுகின்றது. ஆறுதலும் அங்கேயே கிடைத்துவிடுகின்றது. நம்பிக்கையுடையோரின் நம்பிக்கையை நாம் விசாரிக்க வரவில்லை. கதை எதைச் சொல்லாது விடுகின்றது என்பதே எமது கேள்வி.

'ஐ கான் ஒன்லி இமாஜின்' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். ரெக்சாஸ் மாநிலத்தவரான பார்ட் மில்லார்ட் எழுத, மேர்சிமீ என்னும் குழுவினர் 1999 இல் முதலில் வெளியிட்டனர். மில்லார்டின் தந்தை, சிறுவனான மகனை அடித்துத் துன்புறுத்தியவர். பின்னர் புற்றுநோய் கண்டு, மனந்திருந்தி, 1991 இல் இறந்தார். மகன் மன்னித்தான். இறந்த தந்தை இப்போது எதைக் காண்கின்றாரோ என்ற நினைவே பாட்டாயிற்று. எழுதுவதற்குப் பத்து நிமிடமே சென்றது என்று பெருமையோடு கூறுவர். தந்தை இறந்து எட்டாண்டுகளின் பின்னரே பாட்டு வெளிவந்தது என்பதை நோக்கினால், அந்தப் பத்து நிமிடக் கணக்கை அப்படியே ஏற்க நாம் தயங்குகின்றோம். 2018 இல் இக்கதை திரைப்படமாகி எட்டுக் கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. உருக்கமான கதைதான், பார்த்தோர் அழுததில் வியப்பில்லை.

ஆயின் மில்லார்ட் தாமே கூறியுள்ள வேறொரு செய்தி உண்டு. தந்தை முன்பு அப்படிப்பட்டவர் அல்லர். நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் வேலை செய்த காலத்தில், வீதியில் நின்று வாகனங்களை நெறிப்படுத்திக்கொண்டிருந்தபோது லொறி மோதித் தலையில் அடிபட்டார். வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். எழுந்தபோது வேறொரு மனிதராயிருந்தார். தொழிலாளி ஒருவர் வேலைத்தலத்தில் மூளைக் காயமுற்று, சினத்தை அடக்கும் ஆற்றலை இழந்து வீடு திரும்புகின்றார் என்பதல்லவா இதன் பொருள்? அவருக்கு எத்தகைய சிகிச்சை கிடைத்தது, இழப்பீடு உண்டா, அவ்வீட்டுச் சிறுவனைக் காப்பதற்கு யார் இருந்தனர் என்பவை கதையின் கேள்விகளாவதில்லை. தீயவர் ஒருவர் நல்லவரானார் என்ற வாய்பாட்டுக்கு லொறி இடைஞ்சல். எனவே அது ஓர் அடிக்குறிப்பாய் ஒதுங்கிவிடுகின்றது. அடிபட்ட பிள்ளையின் வலியை அவ்விபத்து எள்ளளவும் குறைத்துவிடாது என்பது உண்மை. எனினும் அவ்வலி எங்கிருந்து வந்தது என்பதை அறிய முற்படாத மன்னிப்பு, பாதிக் கதையையே அறிந்த மன்னிப்பாகும்.

அடுத்தது இங்கிலாந்திற் பிறந்தது. 'த ஹார்ட் ஒவ் வேர்ஷிப்' என்ற இப்பாடலின் கதையைப் போல் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட கதை இத்துறையிற் சிலவே. இலண்டனுக்கு வடக்கேயுள்ள வாட்போர்ட் நகரில் சோல் சர்வைவர் என்னும் சபை இருந்தது. இளைஞர் திரள் திரளாக வந்தனர். இசைக்குழு ஓங்கி ஒலித்தது. 1990களின் பிற்பகுதியில், சபையை நடத்திய மைக் பிலவாச்சி, இசையே ஆராதனையை விழுங்கிவிட்டதெனக் கருதி, ஒலிபெருக்கிகளையும் இசைக்குழுவையும் சில காலம் அகற்றிவிட்டார். வந்தவர்கள் வெறுங் குரலாற் பாடவேண்டியதாயிற்று. நீங்கள் காணிக்கையாக எதைக் கொண்டு வந்தீர்கள் என்று அவர் கேட்டார். முதலிற் சங்கடமான மௌனம்; பின்னர் மெல்ல மெல்லக் குரல்கள் எழுந்தன. இதனைக் கண்ட இளம் பாடகர் மற் ரெட்மன் தம் அறையில் அமர்ந்து பாட்டை எழுதினார்.

வாத்தியங்களை நீக்கியதாற் பிறந்த பாட்டு, வாத்தியங்களோடு இசைத்தட்டாகி நாடுகள்தோறும் விற்பனையாயிற்று என்பது ஒரு முரண். அதனை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. சந்தையில் எல்லாப் பொருளுக்கும் நேர்வது அதற்கும் நேர்ந்தது. கருத்திற் கொள்ளவேண்டியது வேறு. இக்கதையின் தலைவன் பாட்டை எழுதியவர் அல்லர்; கட்டளையிட்டவரே. தலைவர் சொன்னார், எல்லோரும் பணிந்தனர், பணிவினின்று அழகு பிறந்தது என்பதே கதையின் உட்பொருள். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் அவருடைய ஞானத்துக்குச் சான்றிதழ் போல் அக்கதை வழங்கியது. 2023 இல் பிலவாச்சி பதவி விலகினார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்துத் திருச்சபை நடத்திய விசாரணை, அவர் தம் ஆன்மிக அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றும், தம்மிடம் பணிபயின்ற இளைஞரை அடக்கியாளும் முறையில் நடத்தி, முறையற்ற உறவுகளுக்கு உட்படுத்தினார் என்றும் முடிவு செய்தது. ரெட்மனும் தாம் அங்கு ஊறுபட்டவருள் ஒருவரே என்பதை வெளிப்படையாகக் கூறினார்.

இவ்வளவு நெருக்கமாக ஒரு பாட்டும் அதன் கதையும் மோதிக்கொண்ட சந்தர்ப்பம் வேறு உண்டோ என்று எண்ணத் தோன்றுகின்றது. ஒலிபெருக்கிகள் அகற்றப்பட்டது உண்மை, மௌனமும் உண்மை. கதை சொன்னதிற் பொய்யில்லை. ஒருவருடைய சொல்லுக்கு அத்தனை பேரும் எவ்வாறு பணிந்தனர், அந்தப் பணிவு வேறு எங்கெல்லாம் எதிர்பார்க்கப்பட்டது என்று மட்டும் அது கேட்கவில்லை. பாட்டையும் தள்ளிவிட வேண்டுமா எனச் சிலர் கேட்கின்றனர். தள்ள வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. ஆடம்பரத்தை விலக்கி உள்ளத்தைக் கேட்கும் அப்பாட்டு ஊறுபட்ட ஒருவரால் எழுதப்பட்டது என்று இப்போது அறிகின்றோம். அது அப்பாட்டுக்குக் குறையன்று. குறை கதைக்கே.

இக்கதைகள் இவ்வளவு பேணப்படுவதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. 1988 இல் அமெரிக்காவில் தொடங்கிய சீ.சீ.எல்.ஐ. என்னும் நிறுவனம் பாடல்களுக்கான அனுமதியைச் சபைகளுக்கு வழங்குகின்றது. சபையின் பருமனுக்கேற்ப ஆண்டுக் கட்டணம் அறவிடப்படும். எந்தப் பாட்டு எவ்வளவு பாடப்படுகின்றதோ அதற்கேற்ப உரிமையாளருக்குப் பணம் போய்ச் சேரும். 2010 முதல் 2020 வரை முன்னணிப் பட்டியல்களுக்கு வந்த 38 பாடல்களைச் சில ஆய்வாளர் ஆராய்ந்து 2023 இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 36 பாடல்கள் நான்கே நான்கு பெருஞ்சபைகளோடு தொடர்புடையன: கலிபோர்னியாவின் பெதெல், அவுஸ்திரேலியாவின் ஹில்சோங், அற்லாண்டாவின் பாஷன் சிற்றி, வட கரோலினாவின் எலிவேஷன். அறையில் தனித்திருந்து ஒருவர் கண்ணீரோடு எழுதினார் என்ற கதையைக் கேட்போர் இந்த நான்கையும் நினைப்பதில்லை.

தனித்துயரிற் பிறந்த பாட்டு பொதுத்துயருக்கு உதவாது என்று நாம் கூறுவதாக எண்ணிவிடலாகாது. சிக்காகோவின் கறுப்பினக் கலைஞரான தோமஸ் டோர்சி 1932 இல் வெளியூரிற் பாடச் சென்றிருந்தபோது, அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்தார்; குழந்தையும் இறந்தது. அத்துயரில் எழுந்ததே 'பிரெஷஸ் லோர்ட்' என்ற புகழ்பெற்ற பாட்டு. 1968 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் பொறிக்குள் நசுங்கி இரு கறுப்பினத் தொழிலாளர் மாண்டனர். நகரசுத்தித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநிற்க அங்கு சென்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 ஆம் திகதி சுடப்படுவதற்குச் சற்று முன்னர், அன்றிரவுக் கூட்டத்தில் இப்பாட்டை வாசிக்குமாறு ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டார். கூட்டம் நடைபெறவில்லை. அவரது இறுதிக் கிரியையில் மகேலியா ஜாக்சன் அதைப் பாடினார். ரெக்சாஸ் வீதியில் அடிபட்ட தொழிலாளியின் கதை ஒரு வீட்டுக்குள் அடங்கிற்று. மெம்பிஸ் தொழிலாளரின் மரணம் வீதிக்கு வந்தது. ஒருவருடைய துயரில் எழுந்த பாட்டு அங்கே பலருடைய துயரைத் தாங்கிற்று.

அண்மைக்காலத்தில் இத்தகைய பேறு பெற்றது 'வே மேக்கர்' என்னும் பாட்டு. பௌதிகவியல் கற்ற நைஜீரியப் பெண்ணான சினாக் 2015 இல் வெளியிட்டது. சொல்லத்தக்க பிறப்புக் கதை எதனோடும் அது பிணைக்கப்படவில்லை, விபத்தில்லை, மரணமில்லை. 2019 அளவில் அமெரிக்கப் பாடகர்கள் அதை எடுத்துப் பாடினர். 2020 இல், கிறிஸ்தவப் பாடலாசிரியருக்கான பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்ற முதலாவது ஆபிரிக்கரானார் சினாக். வழியற்ற இடத்தில் வழி செய்பவர் என்பது அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களிற் பல தலைமுறையாக வழங்கிவந்த சொல். ஆதலால் அப்பாட்டு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கொவிட் காலத்தில் நோயாளருக்காக அதைப் பாடினர். அவ்வாண்டு மே 25 இல் மினியாபோலிசில் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாராற் கொல்லப்பட்ட பின்னர், நீதி கேட்டு வீதிக்கு வந்தோரும் அதையே பாடினர். ஆக்கியோன் பெயரறியாது கூடிப் பாடுதல் நாட்டார் பாடலின் இயல்பு. அனுமதிக் கட்டணப் பட்டியலில் உள்ள பாட்டு ஒன்று சில கிழமைகளேனும் அந்நிலையை நெருங்கி நின்றது.