வீட்டுச் செக்கில் கருஞ்சீரக எண்ணெய்: வாங்கலாமா?

அத்திப்பட்டில் துணி காயப்போட்டு எடுக்கும்போதே சாம்பல் தூசி கையோடு வரும். பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் நிலக்கரியை எரிக்கின்றன. இருமல், இளைப்பு என்றால் வீட்டுப் பெரியவர்கள் கருஞ்சீரகத்தைத்தான் தேடுவார்கள். கடையில் வாங்கும் எண்ணெயில் கலப்படம் இருக்குமோ என்ற பயத்தில் பலர் இப்போது வீட்டுக்கே மின்சாரச் செக்கு வாங்குகிறார்கள். அப்படி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன்.

மிக்ஸியைவிடச் சற்றுப் பெரிய இயந்திரம். உள்ளே எவர்சில்வர் திருகுத்தண்டு, அதைச் சுற்றி உருளை. முதலில் உருளை சூடேற வேண்டும். பிறகு விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால், ஒருபக்கம் புண்ணாக்கு கறுப்புச் செதில்களாக உதிர்கிறது. கீழே கலங்கிய எண்ணெய் சொட்டுகிறது. ஓமத்தை நினைவூட்டும் கார நெடி வீடெங்கும் பரவுகிறது. கிலோவுக்குக் கால் லிட்டர்கூடத் தேறவில்லை. ஓர் இரவு அப்படியே வைத்தால் கசடு அடியில் படிந்துவிடும். தெளிந்ததை வடித்து, வெளிச்சம் புகாத கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இரைச்சல் அதிகம். ஈர விதை போட்டால் தண்டு சிக்கிக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் கழுவாவிட்டால் புண்ணாக்கு இறுகிவிடும். சூடில்லாமல் ஆட்டுவதற்கான ‘கோல்டு பிரஸ்’ பொத்தானை அழுத்தினாலும் உராய்வில் உருளை கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது.

எண்ணெய் வேலை செய்யுமா? கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் அழற்சியைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 80 ஆஸ்துமா நோயாளிகளில் பாதிப் பேர் தினமும் இருவேளை 500 மில்லிகிராம் கருஞ்சீரக எண்ணெய் கொண்ட மாத்திரையை 4 வாரம் எடுத்தார்கள். மற்றப் பாதிப் பேரைவிட அவர்களுக்கு நோய் கூடுதலாகக் கட்டுப்பட்டது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய ஆய்வு. சளித் தொற்றே வராமல் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்ல இது போதாது.

கர்ப்பிணிகளும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மூக்கில் விடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

எள், கடலையும் ஆட்டுகிற வீட்டுக்கு இந்தச் செக்கு பயன்படும். கருஞ்சீரகத்துக்காக மட்டும் என்றால் பணம் வீண். எந்த எண்ணெயைக் குடித்தாலும், மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதீர்கள்.