உடைந்த ஜன்னலும் உடைத்த கையும்

மென்பொருள் வேலைக்கு வந்த பலரையும் போல, 'உடைந்த ஜன்னல்' என்பதை நான் முதலில் படித்தது குற்றவியல் நூலில் இல்லை. ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் எழுதிய 'தி ப்ராக்மாட்டிக் ப்ரோகிராமர்' (1999) நூலில்தான். மோசமான கோடு ஒன்றை அப்படியே விட்டுவைத்தால் அடுத்து வருகிறவனும் அலட்சியமாகத்தான் எழுதுவான் என்கிறது அந்த நூல். எங்கள் தொழிலில் இது வேதவாக்கு. மூலத்தைத் தேடிப்போனால், ஜேம்ஸ் க்யூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982 மார்ச்சில் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் போய் நிற்போம்.

அதன் வாதம் எளிமையானது. உடைந்த ஜன்னலை மாற்றாமல் விட்டால், 'இங்கே கேட்பாரில்லை' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மற்ற ஜன்னல்களும் உடையும். குடிகாரர், பிச்சைக்காரர், வெட்டியாக நிற்கும் பையன்கள் என்று எதையும் கண்டுகொள்ளாத தெருவிலிருந்து மக்கள் ஒதுங்குவார்கள், பிறகு பெரிய குற்றம் நுழையும். அதனால் போலீஸ் சின்ன ஒழுங்கீனத்திலேயே தலையிட வேண்டும். 1990களில் நியூயார்க்கில் இதுவே கொள்கையானது. குற்றம் குறைந்தது உண்மைதான். அந்தக் கொள்கை இல்லாத பல அமெரிக்க நகரங்களிலும் அதே ஆண்டுகளில் குறைந்தது.

கட்டுரை நன்றாக எழுதப்பட்டது. அதனாலேயே நிதானமாக வாசிக்கணும். நியூவர்க் நகரில் போலீஸார் காரை விட்டிறங்கி நடந்தே ரோந்து போன பரிசோதனையில் அது தொடங்குகிறது. குற்றம் குறையவில்லை, மக்களின் பயம்தான் குறைந்தது என்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பயம் குறைவதும் நல்லதுதான். ஆனால் பயத்தில் தொடங்கிய கட்டுரை சில பக்கங்களில் குற்றத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு ஆதாரமாக வருவது உளவியலாளர் ஜிம்பார்டோ 1969இல் செய்த சோதனை. நம்பர் பிளேட் இல்லாத கார் ஒன்று பிராங்க்ஸில், இன்னொன்று வசதியான பாலோ ஆல்டோவில். பிராங்க்ஸில் பத்து நிமிடத்தில் சூறையாடத் தொடங்கினார்கள். பாலோ ஆல்டோவில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. ஜிம்பார்டோவே சம்மட்டியால் அடித்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கட்டுரை இதில் காண்பது உடைந்த கண்ணாடியின் சக்தியை. எனக்குக் கண்ணில் படுவது முதல் அடி பேராசிரியருடையது என்பது.

இந்த வாதத்தைக் குற்றாலத்தில் வைத்துப் பார்ப்போம். சீசனில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கேயும் ஷாம்பூ பாக்கெட், எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ விட்டுப்போன ஈரத்துணி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை போட வேண்டி வந்தது. அங்கே பர்ஸ் தொலைவதும் உண்டு. ஆனால் ஷாம்பூ பாக்கெட்டைப் பார்த்துத் திருடனுக்குத் துணிச்சல் வந்தது என்று நம்மூரில் யாராவது சொல்வார்களா? சாரல் விழுந்தது, கூட்டம் வந்தது, கூட்டத்தோடு குப்பையும் வந்தது, திருடனும் வந்தான். லாக் ஃபைலில் இரண்டு பிழைகள் சேர்ந்து வந்தால் ஒன்றால்தான் மற்றது என்று முடிவுகட்டும் புதுப் பையனிடம், "மூணாவதா என்ன நடந்ததுன்னு பாருப்பா" என்றுதானே சொல்வோம்.

அந்த மூன்றாவதைத் தேடியவர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷ்ஷும். சிகாகோவில் வண்டியில் கேமரா வைத்துத் தெருத்தெருவாகப் படம்பிடித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். வறுமையையும் தெருக்காரர்களின் பரஸ்பர நம்பிக்கையையும் கணக்கில் எடுத்ததும், ஒழுங்கீனத்துக்கும் பெரும்பாலான குற்றங்களுக்கும் இருந்த தொடர்பு கரைந்துபோனது. வழிப்பறி மட்டும் விலக்கு. தென்காசியின் சந்துகளில் சாக்கடை திறந்துதான் கிடக்கும். ஆனால் புது ஆள் நுழைந்தால், "ஏ தம்பி, யார் வீட்டுக்குப் போணும்?" என்று திண்ணையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டுவிடுவார். அவர்கள் சொல்லும் நம்பிக்கை இதுதான்.

ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. "எந்தத் தெருடே நீ?" என்று கேட்டால் நம் பக்கத்தில் அது சாதி விசாரணை. அதே இருவர் 2004இல் காட்டியதும் இதற்கு நெருக்கமானது. தெருவில் உண்மையில் இருக்கும் ஒழுங்கீனத்தைவிட, அங்கே வாழும் கறுப்பர்களும் ஏழைகளும் எத்தனை பேர் என்பதே 'இது மோசமான இடம்' என்ற எண்ணத்தை அதிகம் தீர்மானிக்கிறது. நமக்கு இது புதிதில்லை. சென்னை மாகாணத்தில் 1911க்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறப்பே ஒழுங்கீனமானது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். பக்கத்து மாவட்டத்தில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் 2020 ஜூன் 19 அன்று தந்தையையும் மகனையும் பிடித்துப் போகச் சொல்லப்பட்ட காரணம். உடைந்த ஜன்னலை விடவும் சின்னது. ஜூன் 22, 23இல் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது சிபிஐ.

போலீஸ் ஒரு வட்டாரத்தின் வெறுப்புக்குக் கருவியாகாமல் தடுப்பது எப்படி என்ற கேள்விக்குத் தங்களிடம் திருப்தியான பதில் இல்லை என்று வில்சனும் கெல்லிங்குமே எழுதியிருக்கிறார்கள். கட்டுரையின் நேர்மையான இடம் அது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடமும் அதுதான்.

சாக்கடையை மூட வேண்டும். அருவிக்கரையைக் கூட்ட வேண்டும். கொசுவும் நாற்றமும் போதாதா அதற்குக் காரணமாக? குற்றத்தைக் காட்டிப் பயமுறுத்தித்தான் அதைக் கேட்க வேண்டும் என்றில்லை. அது நகராட்சி செய்ய வேண்டிய வேலை. அதற்கு விளக்குமாறு போதும், லத்தி வேண்டாம்.