மற்றொன்று விரித்தல்

அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். கைத்தறி நெசவாளரின் வாழ்வை எழுதிய நூல். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே ஒரு குடும்பம் எவ்வாறு தேய்கிறது, முன்பணம் வாங்கியவன் தறிக்குழியை விட்டு ஏன் எழ முடியவில்லை என்று கேட்கும் நூல். முன்வரிசையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அரைநாள் தறியை நிறுத்திவிட்டு வந்தவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். தம் தொழிலைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்ற ஆவல் அவர் முகத்தில் எழுதியிருந்தது.

முதலில் பேசியவர், "அவர்களே! அவர்களே!" என்று அவையை அளந்து முடிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. அடுத்தவர் தம் கல்லூரி நாள்களை எடுத்தார். விடுதிச் சோற்றில் தொடங்கி முதற் பரிசில் முடித்தார். மூன்றாமவர் இமயத்தில் வில் பொறித்த சேரனை அழைத்து வந்தார். அழகுத் தமிழ், அடுக்குத் தமிழ், அருவித் தமிழ்! கைதட்டல் அதிர்ந்தது. நூல் மட்டும் மேசைமீது நாடாக்கட்டு அவிழ்ந்தபடி அனாதையாகக் கிடந்தது. சேரன் இமயத்திலிருந்து இறங்குவதற்குள் முதியவர் எழுந்து போய்விட்டார். அவர் இழந்த கூலியை யார் கொடுப்பது?

தென்னை மரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், அதில் மாட்டைக் கட்டிவிட்டு மாட்டைப் பற்றியே எழுதிய மாணவனை எண்ணி நாம் நகைக்கிறோம். அவனாவது மாட்டை மட்டுந்தான் படித்திருந்தான். நம் மேடையாளர்கள் எல்லாம் படித்தவர்கள். ஆயினும் அவர்கள் கட்டுவதும் மாட்டைத்தான்!

இக்குறைக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி நன்னூல் செய்த பவணந்தியார், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணுகிறார். எட்டாவது, மற்றொன்று விரித்தல். எடுத்த பொருளை விட்டு இடையிலே வேறொன்றைப் பரப்புவது. அதன்பின் நிற்கும் இரண்டையும் பாருங்கள்: சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இவ்வரிசையை அவர் கருதியே அமைத்தாரோ, அறியோம். ஆனால் மேடையில் நாம் காண்பது இவ்வரிசையேதான். விலகியவன் தேய்கிறான், தேய்ந்தவன் சொற்கள் பயனின்றி நிற்கின்றன. (பவணந்தியாரைத் தொட்டதும் அவரை நூல் செய்யத் தூண்டிய சீயகங்கனைப் பற்றியும் நான்கு வரி எழுத நமக்கும் கை அரிக்கிறது. அடக்கிக் கொள்கிறோம்.)

அதே பவணந்தியார் உத்திகள் முப்பத்திரண்டு கூறுகையில் முதலாவதாக வைப்பது நுதலிப் புகுதல். சொல்லப் போவது இன்னது என்று சுட்டிவிட்டு உள்ளே நுழைக என்பது அதன் பொருள். ஒன்றின முடித்தல் என்றும் ஓர் உத்தி அங்கே உண்டு. ஒன்றைச் சொல்லும்போது அதற்கு இனமானதையும் சேர்த்து முடிப்பது அது. ஆகவே விலகல் எல்லாமே குற்றம் என்று அவர் தடியெடுத்தார் இல்லை. இனமா, இனமல்லவா என்பதே அவர் வைத்த உரைகல்.

அவ்வுரைகல்லில் அடியார்க்குநல்லாரைத் தேய்த்துப் பாருங்கள். மாதவி மேடையேறும் அரங்கேற்று காதைக்கு உரை எழுதப் புகுந்தவர் ஆடல், பாடல், யாழ், குழல், முழவு, அரங்கின் அளவு என விரித்துக் கொண்டே போகிறார். அவசரக்காரன் கண்ணுக்கு இது விலகல். ஆனால் அது விலகலன்று. அவையெல்லாம் அந்தக் காதைக்குள் இருப்பவை. அவர் விரித்ததனால்தான் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்தின் செய்தியும் நமக்கு எட்டியது. 1892இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையை அச்சேற்றினார். அடியார்க்குநல்லார் சுருக்கமாக முடித்துக் கொண்டிருந்தால் தமிழிசை வரலாற்றில் எத்தனை பக்கங்கள் வெள்ளைத் தாளாகியிருக்கும்!

இதுவரை சொன்னது அறியாமல் விலகுவோரைப் பற்றி. அறிந்தே விலகுவோர் உண்டு, கொடியவர் அவர்களே. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க செனட் அவையில் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைக் காக்கும் சட்ட முன்வடிவு வந்தது. அதை மறித்து ஸ்ட்ராம் தர்மாண்ட் எழுந்தார். 24 மணி 18 நிமிடம் அமரவில்லை. மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வாஷிங்டனின் பிரியாவிடை உரையைப் படித்தார். மனிதர் யாவரும் நிகர் என்று முழங்கும் விடுதலைச் சாற்றுரையையும் படித்தார், மனிதரில் ஒரு சாராரின் வாக்கைத் தடுப்பதற்காக! வாதம் வறண்டவனுக்குக் கடிகாரமே கருவி. ஆயினும் முன்வடிவு நிறைவேறி அவ்வாண்டே சட்டமாயிற்று.

நீளத்தை நாம் பழிக்கவில்லை. அந்த நீளத்தை 2025இல் முறியடித்தவர் கோரி புக்கர் என்னும் கறுப்பின உறுப்பினர். அவர் 25 மணி 5 நிமிடம் நின்றார். மருத்துவ உதவி, முதியோர் உதவி, கல்வி என ஆட்சியின் செயல்களை எடுத்தெடுத்துப் பேசினார். மக்கள் எழுதிய மடல்களைப் படித்தார். அவரோடு உடன்படலாம், மாறுபடலாம். எதைப் பற்றிப் பேசினார் என்ற ஐயம் மட்டும் எவருக்கும் எழவில்லை.

நம் விழாவின் மூன்றாம் பேச்சாளரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சேரனையே அழைத்து வந்தீரே, அவன் உடுத்த ஆடையை நெய்தவன் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா? அந்த ஒரு வார்த்தையில் சேரனும் தறிக்கு இனமாகியிருப்பான். முதியவரும் இருக்கையில் இருந்திருப்பார்.

நூல் எப்படி என்று கேட்கிறீர்களா? படித்துவிட்டோம்; முன்பணக் கடனைப் பற்றிய பகுதியில் ஆசிரியரோடு நமக்கு மாறுபாடு உண்டு. ஆனால் இன்று நுதலிப் புகுந்தது மேடையைப் பற்றி. நூலைப் பற்றி அடுத்த கிழமை எழுதுவோம்.