திரைவாசிப்பானின் தேர்வு: முனையத்தை ஒலியாக்கும் முறைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

விழிப்புலனற்றோர் கணினியைக் கையாளத் துணைபுரியும் திரைவாசிப்பான், எழுதப்பட்டதை எழுதியவாறே ஒலிக்கும் பொறி என்பதே பொதுவான கருத்தாகும். கட்டளைகளைத் தட்டிப் பணிசெய்யும் முனையத்தை நோக்குமிடத்து இக்கருத்தின் போதாமை புலனாகும். அங்கு எதனைப் பேசுவது, எதனை விடுவது என்பதைத் திரைவாசிப்பானே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அத்தீர்மானத்தின் அடிப்படை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இணையப் பக்கமொன்றிலே தலைப்பு, பந்தி, பொத்தான் என்பன தத்தம் வகையை உணர்த்தும் குறிகளுடன் அமைய முடியும். முனையத்திலோ அத்தகைய குறிகள் இல்லை. 1978இல் வெளிவந்த வி.டி. 100 முனையம் 80 நிரல்களும் 24 நிரைகளும் கொண்ட எழுத்துக் கட்டமாகும். இன்றைய முனைய மென்பொருள்களும் பெரும்பாலும் அதன் மரபையே பின்பற்றுகின்றன. கட்டளை, விடை, பிழைச்செய்தி ஆகியவற்றைக் கண் இடத்தாலும் நிறத்தாலும் வேறுபடுத்தி அறியும். திரைவாசிப்பானுக்குக் கிட்டுவன எழுத்துகளே.

இக்குறையை எதிர்கொள்ள எழுந்த முறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. லினக்ஸ் கருவினுள் இயங்கும் ஸ்பீக்கப், திரையில் எழுத்துகள் எழுதப்படும் வேளையிலேயே அவற்றைப் பற்றிப் பேச்சாக்குகின்றது. வரிவரியாக வரும் விடைகளுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆயின், திரையின் பல மூலைகளில் மாறிமாறி எழுதும் நிரல்களிடத்து அவ்வொழுங்கே செவிக்குக் குழப்பமாகிவிடும்.

இரண்டாவது முறை ஒப்பீடு. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ., விண்டோஸ் முனையங்களில் முன்னிருந்த எழுத்தையும் இப்போதுள்ளதையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பேசும் வழியைக் கையாண்டது. வரிவரியாக ஒப்பிடின், ஒரு வரியின் நடுவே ஓரெழுத்தை நுழைத்ததும் அதற்குப் பின்னுள்ள பகுதியும் ஒலிக்கின்றது. எழுத்தெழுத்தாக ஒப்பிடின் நுண்மை கூடும். சில இடங்களிற் பேச்சுத் துண்டுபடும். 41 வீதம் 42 ஆகும்போது மாறியது ஓரிலக்கமே. அதனை மட்டும் கேட்பவர் எதனை அறிவார்? மேலும், திரை அழிக்கப்பட்டு அதே செய்தி மீண்டும் எழுதப்படின், ஒப்பீட்டுக்கு வேறுபாடு அகப்படாது, நிகழ்ந்ததொன்று நிகழாததாகிவிடும்.

தட்டப்படும் எழுத்தைப் பேசுவதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. கடவுச்சொல்லைக் கேட்கும் நிரல் பொதுவாக அதனைத் திரையிற் காட்டாது. விசையை அழுத்தியதும் திரைவாசிப்பான் பேசுமாயின் இரகசியம் அயலார் செவிக்கும் எட்டும். ஆதலால், தட்டிய எழுத்துத் திரையில் மாற்றத்தை விளைக்கும்வரை பேச்சைத் தடுத்துவைக்கும் ஏற்பாடும் என்.வி.டி.ஏ.யில் இடம்பெற்றது. திரையை ஐயுறாது நம்பும் இம்முறையின் பயன் இங்கு தெளிவாகின்றது.

மூன்றாவது, டி. வி. ராமன் 1995இல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக். இது திரையைத் துருவுவதில்லை. ஈமாக்ஸ் நிரலிடமிருந்தே பொருளைப் பெறுகின்றது. நாட்காட்டியில் ஓரெண்ணைக் கண்டு அவ்வெண்ணை மட்டும் கூறாது, கிழமையும் மாதமும் சேர்ந்த முழுத் திகதியையே கூறும். கோட்பாட்டளவில் இதுவே சாலச் சிறந்தது. எனினும், ஈமாக்ஸினுள் நிகழாத எதற்கும் இச்சிறப்பு வாய்ப்பதில்லை. எங்கும் செல்லவல்ல ஒப்பீட்டு முறை ஊகத்தில் தங்க, பொருளறிந்து பேசும் முறை ஓரெல்லைக்குள் நின்றுவிடுகின்றது.

2019இல் அறிவிக்கப்பட்ட விண்டோஸ் டெர்மினல், புதிதாக எழுதப்பட்டதைத் தானே திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் வழியைப் பின்னர் பெற்றது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயின் புதியது எது என்பதை உணர்த்தும் இவ்வழி, அது பிழைச்செய்தியா, வெறும் அலங்காரமா என்பதை உணர்த்துவதில்லை. ஒப்பீட்டு நுட்பத்தை மேலும் கூர்மையாக்குவதால் மட்டும் இக்குறை நீங்காது. பொருள், எழுத்துக் கட்டத்தை அடையுமுன்னரே உதிர்ந்துவிடுகின்றது.

ஆகவே பொறுப்பின் ஒரு பகுதி முனையத்துக்கான நிரல்களை எழுதுவோரையும் சாரும். சுழலும் குறிகளையும் நகரும் பட்டைகளையும் நிறுத்தி, விளைவை எளிய வரிகளாகத் தரும் தெரிவொன்றை வழங்குதல் அவர்களுக்கு அரிதன்று. விடுபட்ட ஒரு பிழைச்செய்தியால் விழிப்புலனற்ற நிரலாளர் இழப்பது பல மணிநேர உழைப்பாக இருக்கலாம். அவ்விழப்பை அவரது இயலாமையாகக் கணிப்பது பெருந்தவறாகும்.