ஆச்சியைத் தேடுது

சில வருடங்களுக்கு முன் என் மகள், திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில், "ஆச்சி, நான் உங்களை இழக்கிறேன்" என்றாள். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்னத்துக்கு இழக்கணும்? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேம்லா" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆச்சியத் தேடுதோ?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தின் 'மிஸ்' என்ற வினையை மகள் தன் பையிலிருந்த தமிழ்ச் சொல்லால் ஈடுகட்டினாள். அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வாக்கியத்தை, தமிழிலேயே படித்து வளர்ந்த என் வயதுக்காரர்களின் புலம்பெயர் கதைகளிலும் பார்க்கிறேன். வெளியே பனி, கையில் காப்பி, "நான் என் ஊரை இழக்கிறேன்." அடுத்த பக்கத்தில் அதே ஊருக்கு விமானச் சீட்டு பதிவாகிறது.

'மிஸ்' பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. குறி தவறுவதுதான் அதன் அடிப்படைப் பொருள். அம்பு தவறியது, பிறகு ரயில் தவறியது. இருக்க வேண்டிய ஒருவர் இல்லை என்று கவனிப்பதும், அதற்காக வருந்துவதும் அதிலிருந்து கிளைத்தவை. இழப்புக்கு ஆங்கிலத்தில் வேறு வினை இருக்கிறது. இல்லாதவர் நாளை வரலாம், இழந்தவர் வரமாட்டார்.

இன்னொரு சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏங்குபவர்தான் எழுவாய். பிரெஞ்சில் தலைகீழ்: 'நீ எனக்குக் குறைகிறாய்' என்பது போன்ற அமைப்பு. தமிழ் இதில் பிரெஞ்சுக்குத்தான் பக்கம். எனக்குப் பசிக்கிறது, எனக்கு ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்கிறோம். 'எனக்கு உன்னைத் தேடுது' என்று எங்கள் பக்கத்தில் சொல்லும்போது தேடுவது யார்? நானும் இல்லை, நீயும் இல்லை. வினைக்கு எழுவாயே கிடையாது. இந்த வசதியை விட்டுவிட்டு 'நான் உன்னை' என்று தொடங்குவானேன்?

பேச்சுத் தமிழ் இவ்விஷயத்தில் எழுத்தாளர்களைவிடச் சாமர்த்தியமானது. 'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்', 'உன்னை மிஸ் பண்றேன்'. முதலாவதில் இருக்கும் 'விட்டேன்' காரியம் முடிந்துவிட்டதைச் சொல்கிறது, இரண்டாவது தொடர்கிறது. கலப்புத் தமிழ் என்று நான் முகம் சுளித்த காலம் உண்டு. இன்று 'இழக்கிறேன்' என்பதைவிட இதையே கதையில் வாசிக்க விரும்புவேன்.

இவையெல்லாம் நடைப் பிழைகள் என்று விட்டுவிடலாம். விட முடியாத இடம் ஒன்று உண்டு. அதே வினையிலிருந்து வந்த பெயரடைதான் 'மிஸ்ஸிங்'. யாரையும் குற்றஞ்சாட்டாத சொல். ஆள் இல்லை, அவ்வளவுதான். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் 'காணாமற்போன' என்றே இருக்கிறது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த உறவினர்களோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். 'போன' என்றால் அவராகப் போனார். 'ஆக்கப்பட்ட' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லாவிட்டாலும் இலக்கணம் அவருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது.

இராணுவத்திடம் கண்ணெதிரே ஒப்படைக்கப்பட்ட அண்ணனைப் பற்றி, "அவன் காணாமல் போனான்" என்று ஒரு கதைசொல்லி எழுதினால், அந்த வாக்கியம் எந்த மொழியிலிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அவருடைய அம்மா அதை அப்படிச் சொல்லியிருப்பாரா?