மலிவுக் காமிராவில் எதற்குக் காசு?

விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு என் மாணவர் ஒருவர் வந்து கேட்டார்: "சார், எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" கடைக்காரரும் இதைத்தான் முதலில் சொல்கிறார். இந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2003-இல் வந்த கேனன் 300டி காமிராவில் சுமார் 63 இலட்சம் படப்புள்ளிகள். பின்னர் ஏறக்குறைய அதே அளவுள்ள உணரியில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளை அடக்கினார்கள். நான்கு மடங்கு! ஆனால் அது பரப்பின் கணக்கு. நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, அவ்வளவே. அதுவும் லென்ஸ் அத்தனை நுட்பமான பிம்பத்தைத் தந்தால்தான்.

காமிராவோடு கட்டிக் கொடுக்கும் 18-55 மி.மீ. ஜூம் லென்சுக்கு, 55-இல் மிகப் பெரிய துவாரம் எஃப்/5.6. அதாவது விட்டம் 10 மி.மீ. கூட இல்லை. கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 லென்சுக்கோ ஏறத்தாழ 28 மி.மீ. உணரியில் விழும் ஒளி ஒன்பதரை மடங்குக்குமேல் கூடுகிறது. கல்லூரி விழா நாடகத்தை நான் ஒருமுறை ஜூமில் எடுத்தேன். நடிகர்கள் அத்தனை பேரும் ஆவிகளாக வந்தார்கள்! 1/10 நொடியில் என் கையும் ஆடும், அவர்களும் ஆடுவார்கள். 1/100 நொடி கிடைத்திருந்தால் மனிதர்களாகவே வந்திருப்பார்கள்.

இத்தனை ஒளி தரும் லென்ஸ் எப்படி மலிவாகக் கிடைக்கிறது? கேனன் காமிராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து உணரிவரை 44 மி.மீ. இடையில் ஓர் ஆடி மேலெழுந்து விலக வேண்டும். 18 மி.மீ. லென்சை எளிய முறையில் அமைத்தால் அது ஆடியின் வழியிலேயே நிற்கும். ஆகவே பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளக் கூடுதல் வில்லைகள் வேண்டும். 50 மி.மீ. லென்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1896-இல் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வகுத்த பிளானர் லென்சின் வழிவந்த அமைப்பே போதும். துவாரத்துக்கு இருபுறமும் ஏறக்குறையச் சமச்சீராக நிற்கும் வில்லைகள், ஒன்றின் பிறழ்ச்சியை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்கின்றன. இதில் மொத்தம் ஆறே வில்லைகள்.

குறைகள் இல்லாமலில்லை. முழுத் துவாரத்தில் கோளப் பிறழ்ச்சியால் படம் சற்று மென்மையாகிறது, எஃப்/4-இல் தெளிந்துவிடுகிறது. 1990-இல் வந்த இரண்டாம் வடிவத்தின் பிளாஸ்டிக் வளையத்தைப் பலர் பழிக்கிறார்கள். 130 கிராம் எடையைத் தாங்க அது போதாதா? எனக்குக் கோபம் வேறிடத்தில். 1987-இன் முதல் வடிவத்தில் இருந்த தூர அளவுகோலை எடுத்துவிட்டார்கள். குவியத்தைக் கையால் திருப்பிக் கற்க விரும்பும் மாணவருக்கு அது பெரிய இழப்பு. 2015-இன் வடிவத்தில் உலோக வளையம் திரும்பியது, அளவுகோல் திரும்பவில்லை.

இன்னொன்று: சிறிய உணரியில் இந்த லென்சின் பார்வைக் கோணம், 35 மி.மீ. ஃபிலிமில் 80 மி.மீ. லென்ஸ் தருவதற்குச் சமம். சின்ன அறையில் குடும்பப் படம் எடுக்கச் சுவரோடு முதுகை ஒட்டினாலும் இரண்டு பேர் விடுபடுவார்கள். அதற்கு ஜூம்தான் கதி.

துவாரத்தை எஃப்/22 வரை மூடினால் கூர்மை கூடும் என்று நினைக்காதீர்கள். ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.03 மி.மீ. வட்டமாகப் பரவும். 2.4 கோடிப் புள்ளி உணரியில் ஒரு படப்புள்ளி 0.0037 மி.மீ.; எட்டுப் புள்ளிகளின் அகலம் கலங்கிப்போகிறது. மெகாபிக்சலுக்குக் கொடுத்த காசு அங்கே கரைந்தது!

மாணவரிடம் பழைய உடலும் இந்த லென்சும் போதும் என்றேன். 1987 முதல் கேனன் இந்தப் பொருத்து வளையத்தை மாற்றாததால், ஆடியுள்ள அதன் டிஜிட்டல் காமிராக்கள் எல்லாவற்றிலும் இது பொருந்தும். பழையது வாங்கினால், லென்சை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.